வேண்டாத பிரார்த்தனை

டுலூத், ஜனவரி. ஏரி கல்லாகிக் கிடக்கிறது.
இரும்புக்கடையின் மாடியில் ஒரு மேசை, ஒரு தொலைபேசி,
நாற்காலி முதுகில் காயும் கையுறை.
ஆல்ஃப்ரிடா நூபெர்க் ஓர் அழைப்புக்கு ஒரு டாலர் வாங்குகிறாள்.
இல்லாதவர்களிடம் வாங்குவதில்லை.
கதவில் அவள் பெயர் மட்டும்.
அதற்குக் கீழே என்ன எழுதுவதென்று
பதினோரு ஆண்டாக முடிவாகவில்லை.

இரவு ஒன்பதரைக்கு வைனோ ரந்தாலா அழைக்கிறான்.
தாதுக்கப்பல் துறையில் வேலை. அதனால்
அறைக்குள்ளும் காற்றை எதிர்த்தே பேசுவான்.
மனைவி ஹில்யாவுக்கு வாதம்.
வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று.
"அவளுக்குப் பேச்சைக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்,"
என்கிறான்,
வங்கியில் ஆள் தெரிந்தவளிடம் சொல்வது போல.

"நான் கேட்பதில்லை.
மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டர் சொன்ன பயிற்சியையும்.
என் வேலை வேறு.
கொடு என்று வேண்டினால்
இல்லை என்று கையெழுத்துப் போட்டதாகிவிடும்.
இருக்கிறது என்பேன். என்றுவிட்டு
அந்தச் சொல்லின் மேலேயே நிற்பேன்."

"இருக்கிறதா?
இன்று சூப்பைத் துப்பினாள்.
என் சட்டையில் இருக்கிறது, வந்து பாருங்கள்."

பதில் உண்டு அவளிடம். பழைய பதில்.
அதைச் சொல்லாமல் ரிசீவரை வைக்கிறாள்.

ஹில்யாவை அவள் பார்த்ததே இல்லை.
ஆனாலும் இருபது நிமிடத்தில்
ஒரு நோயாளியைச் செய்து முடித்திருந்தாள்:
கோணிய உதடு, நனைந்த கழுத்துத்துணி,
சுவர்ப்பக்கம் திரும்பிய முகம்.
முதலில் இவளைக் கலைக்க வேண்டும்.
எந்த வைத்தியமும் இங்கேதான் தொடங்குகிறது,
வைத்தியம் பார்ப்பவளின் மண்டைக்குள்.

ஒன்றே இருக்கிறது, என்று தொடங்குகிறாள்.
குழாயில் நீராவி தட்டுகிறது.
ஒன்றே இருக்கிறது. ஏரியின் மேலே பனிக்கட்டியாக,
அதன் அடியில் கறுப்புத் தண்ணீராக.
அங்கே மீனுக்கு மூச்சாக.
ஹில்யாவிடம் சொல்லாக
இருக்கிறது, உடையாமல், இப்போதே.
கடைவாய்ப்பல் வலிக்கிறது.
(அதற்கும் இதையே சொல்லிப் பார்த்தாள்.
புதன்கிழமை பிடுங்கிக்கொள்கிறாள்.)
கோணிய உதடு திரும்பி வருகிறது.
மறுபடி கலைக்கிறாள். மறுபடி.

பிறகு, வாங்காததற்கு நன்றி.
பிறகு, விடுவது.
அஞ்சல் பெட்டிக்குள் போட்ட கடிதத்தை
கைவிட்டுத் துழாவிப் பார்ப்பவர் உண்டா?
உண்டு. அவள்தான்.
இரண்டு மணி வரை துழாவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவன்: "என்னால் சொல்ல வரவில்லை.
பொய்யாக இருக்கிறது."
"பொய்யாக இல்லாத ஒன்றைச் சொல்லுங்கள்.
எவ்வளவு சிறியதானாலும் சரி."
நீண்ட நேரம் கம்பியில் காற்று மட்டும்.
"அவளுக்குக் காது கேட்கிறது," என்றான்.
அதைச் சொன்ன பிறகுதான்
மூன்று வாரமாக
செவிடிக்குக் கத்துவது போல
தான் அவளிடம் கத்திக்கொண்டிருந்தது
அவனுக்கே கேட்டது.

அதன்பின் நாள்தோறும் அந்த ஒரு வாக்கியம்.
பிரார்த்தனை என்று அவன் அதை அழைக்கவில்லை.
மெதுவாகச் சொன்னான், கட்டிலருகே,
துறையில் யாருக்கும் தெரியாத குரலில்.

பத்தொன்பதாம் நாள் மணி அடித்தது.
"பேசினாள்."
"என்ன?"
"கரண்டியை நீட்டினேன். இடக்கையால் தள்ளினாள்.
'எய்' என்றாள்."
வில்லிலிருந்து விட்டது போல ஓரசை.
ஃபின்லாந்தின் பேச்சில் அதற்கு
வேண்டாம் என்று பொருள்.

வசந்தத்துக்குள் ஒன்றிரண்டு சொல் வரலாம் என்று
டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.
ஆல்ஃப்ரிடா அதை மறக்கவில்லை.
எந்தக் கணக்கிலும் இதை எழுதவுமில்லை.
பல் போன இடத்தை நாவால் தடவியபடி
ஆமாம் ஆமாம் என்று
பன்னிரண்டாயிரம் முறை சொன்ன வாயால்
அந்த 'வேண்டாம்'ஐ ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.
முழுசாக இருந்தது.

கம்பியின் மறுமுனையில் வைனோ இன்னும் பேசிக்கொண்டிருந்தான்:
"தப்பு என்னுடையதுதான்.
ருசி பார்த்தேன். சூப்பில் உப்பே இல்லை.
இத்தனை நாளும் இருந்திருக்காது."